கூரையில் நான்கு பேர்

காலையில் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியிலிருந்து பட்டாளத்து மழைக்கோட்டை எடுத்து உதறினேன். அந்த ரப்பர் வாடையோடு நீ வந்துவிட்டாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

தங்கச் சுரங்கத்து நந்திதுர்க் லைன் வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. பட்டாளத்திலும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். எனக்குப் படகு ஓட்டும், பாலம் கட்டும் பிரிவு. உனக்குப் பூனாவில் படைத் தலைமையகத்தில் எழுத்தர் வேலை. 'பேனா சிப்பாய்' என்று கேலி செய்வேன். நீ கோபப்பட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கடற்கரை முதல் பாலைவனம் வரை இருக்கும் பட்டாளத்துக்கெல்லாம் ஆணையும் ரேஷனும் படகும் அந்தக் கட்டடத்திலிருந்துதான் போகின்றன என்று பொறுமையாக விளக்குவாய்.

"நீ எங்க கீறேன்னு உனக்கே தெரியாதப்போ எனக்குத் தெரியும்டா" என்றாய் ஒருமுறை.

புயல் வெள்ளத்தில் அதுவே நடந்தது. மீட்புக்குப் போன எங்கள் படகு கவிழ்ந்து, நான்கு பேர் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் இரண்டு நாள் கிடந்தோம். காணாமல் போனவர்கள் பட்டியல் உன் மேசைக்கு வந்தது. என் அம்மாவுக்குத் தந்தி அனுப்ப வேண்டியவன் நீ. அனுப்புவதற்கு முன், அதுவரை வந்த செய்திகள் அத்தனையையும் திரும்பப் படித்தாய். ஏதோ ஒரு கூரையில் நான்கு பேர் தெரிந்ததாக ஒரு விமானி சொன்ன குறிப்பு கிடைத்தது. பெயர்கள் இல்லை. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றாய். தந்தியை ஒருநாள் தள்ளிவைக்கக் கேட்டாய். அன்று மாலையே ஹெலிகாப்டர் வந்தது.

விடுப்பில் சந்தித்தபோது நன்றி சொல்ல வாயெடுத்தேன். "இன்னாடா, ரெண்டு பேப்பர் படிச்சேன், அவ்ளோதான்" என்று டீயை என் பக்கம் நகர்த்தினாய். அம்மா அதன்பிறகு பதினொரு வருஷம் இருந்தாள், அப்படியொரு தந்தியைக் கையில் வாங்காமலே.

இப்போது பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் காவலர்களுக்கு மேற்பார்வையாளனாக இருக்கிறேன். போன மழையில் ஒரு காவலரைக் காணோம். சொல்லாமல் ஓடிவிட்டார் என்று எழுதச் சொன்னார் மேலாளர். நான் எழுதவில்லை. அவருடைய சைக்கிள் வாசலில்தான் நின்றிருந்தது. கீழ்த்தளத்தில் இறங்கித் தேடினோம். வெள்ளம் கதவை அழுத்தியிருந்த பம்ப் அறைக்குள், இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். கதவை உடைத்து இழுத்தோம்.

நடுக்கம் அடங்கிய பிறகு கேட்டார்: "நான் உள்ள இருக்கேன்னு யாரு சார் சொன்னாங்க?"

உன் பெயரைச் சொன்னேன்.