தண்ணீர் வரவில்லை என்றேன்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவரைப் போலவே சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீ சுகமா என்று வழக்கம்போலக் கேட்க இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துத் தப்பித்துக்கொள்வேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அப்பாவின் முழங்காலுக்கு மாட்டும் உறை பார்சலில் வந்தது. கொண்டுவந்தது ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள். ஆன்ட்டி, ஒரு நிமிஷம் பாத்ரூம் போய்க்கலாமா, காலையிலேருந்து வண்டியிலயே இருக்கேன் என்றாள். நான் அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தேன், அவள் செருப்பெல்லாம் சேறு. யோசிக்கக்கூட இல்லை, தண்ணி வரலையேம்மா என்று சொல்லிவிட்டேன். வாயை மூடுவதற்குள் உள்ளே அப்பா குழாயைத் திறந்தார். நம் வீட்டுக் குழாய் போடும் சத்தம்தான் உனக்குத் தெரியுமே. அவளுக்கும் கேட்டது. சரிங்க ஆன்ட்டி என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நீயும் அங்கே வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவள்தானே, அது அந்த நேரம் என் மண்டையில் உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் நீ போனில் பேச்சோடு பேச்சாக, போக இடம் கிடைக்காதும்மா, அதனால வேலை நாள்ல தண்ணியே குடிக்கிறதில்ல என்றாய். ஒழுங்காகக் குடி என்று உன்னை அதட்டினேன். எந்த வாயால் அதட்டினேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவளை மறுபடி வரவைப்பதற்காகவே, தேவையில்லாத சீப்பு ஒன்றைப் பார்சலில் வரவழைத்தேன். கொண்டுவந்தவர் ஒரு மீசைக்காரர். பாத்ரூம் போகணுமா என்று வாசலிலேயே கேட்டேன், மனுஷன் மிரண்டுபோய்ச் சீப்பைக் கையில் திணித்துவிட்டு ஓடினார். அப்பாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்து சோப்பு டப்பா, அதற்கு அவளே வந்தாள். உள்ள வாம்மா, தண்ணி வருது என்றேன், என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. அவளுக்குக் கோபமே இல்லை. பரவால்ல ஆன்ட்டி, பின் தெருவுல ஒரு வீடு இருக்கு, என் முகத்தைப் பாத்தே கதவைத் திறந்து விட்டுடுவாங்க என்றாள். யார் வீடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா கண்ணை மூடிக் கும்பிடும்போதெல்லாம் அங்கே யார் கேட்கிறார்கள் என்று கேலி பேசியவள் நான். அன்று அவள் போனதும் வாசலில் நின்றபடியே கை கூப்பினேன். அந்த வீட்டுக்காரரைப் போல ஒருவர் உன் வழியிலும் இருக்கவேண்டும் என்று கேட்டேன். கேட்க எனக்கு அருகதை இல்லைதான். ஆனால் இருப்பார் என்று நம்புகிறேன், நம்பாமல் எப்படித் தூங்குவது?

இப்போது பகலில் கதவைத் தாழிடுவதில்லை. நேற்று தெரு கூட்டும் அம்மா வந்து போனாள், தரையை அப்புறம் துடைத்துக்கொண்டேன். பார்சல் பெண் இன்னும் உள்ளே வரவில்லை.

நீ நன்றாக இருக்கவேண்டும், நல்ல மனிதர்கள் கண்ணில் படவேண்டும். தண்ணீர் குடிக்க மறக்காதே. யாராவது தண்ணீர் வரவில்லை என்று சொல்லி, உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டால், சபிக்காமல் வந்துவிடு கண்ணு, உன் அம்மாவும் அப்படிச் சொன்னவள்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா