புல் நிற்கும் சேறு

பூவார், ஆகஸ்ட் 1954

அன்பான அப்பாவுக்கு, மகள் விமலகுமாரியின் தோத்திரம். நான் சுகம். அம்பூரி மலையில் மழை உண்டா? உங்கள் இருமல் தணிந்ததா?

நேற்று ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், தமிழ்நாட்டோடு சேரக் கேட்கும் எல்லைப் போராட்டத்துக்காகத் தமிழரைப் பிடிக்கப் போலீஸ் லாரி வந்தது. சனங்களோடு ஓடி, ஆறு கடலில் சேரும் பொழிமுகச் சேற்றில் இறங்கினேன். நம் மலையில் புல்லடியில்தானே சதுப்பு இருக்கும்? அந்த நினைப்பில் புல்லை விட்டு வெறுஞ்சேற்றில் மிதித்தேன், இடுப்புவரை புதைந்தேன்.

சிப்பி பொறுக்கும் ஓமனா இழுத்தெடுத்தாள்.

"புல்லு நிக்குத எடத்துல சவிட்டுங்க டீச்சரே. வேராக்கும் சேத்தப் பிடிச்சு வச்சிருக்கு."

புல்லுக்குள் குனிந்திருந்தோம். காலடியில் நண்டு வளைகள், மீன்குஞ்சுகள். நெய்யாறு கொண்டுவரும் வண்டலைக் கடல் எதிர்த்துத் தள்ளுவதால் அது இங்கேயே படிகிறதாம். அப்படியென்றால் இது நம் மலை மண்ணும்தானே அப்பா? அழுகை வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். கடல் ஏறி நீர் மார்பைத் தொட்ட பிறகே லாரி போயிற்று. பயப்பட ஒன்றுமில்லை.

செருப்பு சேற்றோடு போயிற்று, ஒரு ஜோடி அனுப்புங்கள். தபால்காரர் நிற்கிறார். இன்னொன்று, இனி உறையின்மேல் என் முகவரியைத் தமிழில் எழுதாதீர்கள்.

விமலகுமாரி