ஆணியில் தொங்கும் டோக்கன்

இன்று காலை சோலார் போட வந்தவர் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து பேட்டரியின் மூடியைத் திருகித் திறந்தார். புளித்த நெடி ஒன்று எழுந்து சமையலறை வரைக்கும் வந்தது. அரிந்துகொண்டிருந்த பீன்ஸை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அது உங்கள் சட்டையின் வாசனை. தங்க மைன்ஸ் லாம்ப் ரூமில், கீழே இறங்குகிறவர்களின் விளக்குக்கு சார்ஜ் ஏற்றிவிட்டு, தினமும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த வாசனை. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. ஆசிட் தெறித்த இடமெல்லாம் பொத்தல் வேறு. உங்கள் சட்டையை ஒட்டுப் போட்டுப் போட்டே நான் தையல்காரி ஆனேன் என்று சீண்டுவேன், நீங்கள் சிரித்துக்கொண்டே அடுத்த சட்டையை நீட்டுவீர்கள்.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இந்த வீட்டுக்குள் அந்த வாசனை திரும்ப வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தவர் பயந்துபோய், "இன்னாம்மா, தல சுத்துதா?" என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்றேன். தெரிந்தவர் ஒருவர் வந்துவிட்டுப் போனார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நமக்கு சோலார் எதற்கு என்று கேட்பீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் என்மேல் கோபப்பட வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது.

நம் எஸ்தருக்குப் பூதிகோட்டைப் பக்கத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. காலை ஷிஃப்ட். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று கரண்ட் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினாள். இப்போது ஊரிகத்தில் ஒவ்வொரு லைன் வீட்டு வரிசையிலும் நாலு வீட்டில் இந்த வண்டிதான் நிற்கிறது. வண்டி வந்த அன்று பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிந்ததும் உங்கள் மகள் அதை முன்னறைக்குள் ஏற்றி நிறுத்தினாள். வெளியே விட்டால் யாராவது தள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம்.

அன்று பிடித்தது எனக்குப் பயம். நம் வீடு உங்களுக்குத் தெரியாததா? முன்னறை, அதை ஒட்டிச் சமையலறை, ஒரே வாசல். அந்த வாசலை அடைத்துக்கொண்டு வண்டி. அதிலிருந்து சுவர் பிளக்குக்கு ஒரு ஒயர். வண்டிக்கு இந்தப் பக்கம் அவளும் நானும் படுக்கிறோம். ஏதாவது நடந்தால் அதைத் தாண்டித்தான் நாங்கள் வெளியே போக வேண்டும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு மேரி ஒரு வீடியோ காட்டினாள். எந்த ஊரோ தெரியவில்லை, சும்மா நிறுத்தி வைத்த வண்டி தானாகப் புகைந்து, இரண்டு நிமிஷத்தில் எலும்புக்கூடாக நிற்கிறது. அதற்குப் பிறகு என் போனே அந்த மாதிரி வீடியோவாகத் தேடித் தேடி எனக்குக் காட்ட ஆரம்பித்தது.

எஸ்தரிடம் சொன்னேன். ஒழுங்காக ஓடுகிற வண்டியை யார் படம் பிடித்துப் போடுவார்கள், எரிவதைத்தான் போடுவார்கள் என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் பேட்டரி என்றால் எனக்குத் தெரியும். உடம்பு சரியில்லை என்றால் அது நெடியடிக்கும், கொதித்தால் சத்தம் கேட்கும், தொட்டால் சுடும். ஒவ்வொரு லாம்ப்பையும் கையில் கொடுப்பதற்கு முன்னால் அதன் பேட்டரியை நீங்கள் புறங்கையால் தொட்டுப் பார்ப்பீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. உள்ளங்கை காய்த்துப்போச்சு, அதுக்கு சூடு தெரியாது என்பீர்கள். நானும் அதேபோல இந்த வண்டியைத் தொட்டுப் பார்த்தேன். பேட்டரி எங்கோ கால் வைக்கும் பலகைக்கு அடியில் மூடிக் கிடக்கிறது. வாசனை இல்லை, சத்தம் இல்லை. சார்ஜர் பெட்டி மட்டும் சுட்டது. அது அப்படித்தான் சுடுமாம். எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு திருட்டு வேலை செய்தேன். அவள் தூங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். விடியற்காலை ஜெபத்துக்கு எழுந்ததும் மறுபடி சொருகிவிடுவேன். அவள் எழுந்து பார்க்கும்போது எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். சார்ஜ் மட்டும் பாதிதான் ஏறியிருக்கும். பேட்டரியில் ஏதோ கோளாறு என்று வாங்கின கடைக்கு எடுத்துப் போனாள். சோதித்துப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாக இருக்கிறது, முழுசாக சார்ஜ் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். முழுசாகத்தானே போடுகிறேன் என்று என்னிடம் வந்து புலம்பினாள். நான் அவளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

பாதி சார்ஜில் போய், வேலை செய்யும் இடத்தில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு எப்படியோ ஒரு வாரம் ஓட்டினாள். பிறகு ஒருநாள் நல்ல மழை. அந்தப் பக்கமெல்லாம் காலையிலிருந்து கரண்ட் இல்லை. நாலு மணிக்கு வர வேண்டியவள் ஐந்துக்கும் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். தைலமரத் தோப்பு, அதை விட்டால் பாறை, நடுவில் ஒரு கடைகூடக் கிடையாது. மழைக்காலத்தில் காமசமுத்திரம் பக்கத்திலிருந்து யானை இறங்குகிறது என்று வேறு பேசிக்கொண்டார்கள். மேரியும் அவள் புருஷனும் வந்து என்னோடு நின்றார்கள். அவர்களுக்கும் பயம்தான். ஆனால் வண்டி ஏன் நின்றிருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி நிற்கும்போதுதான் அந்த ஏர் பிளாஸ்ட் நாள் நினைவுக்கு வந்தது. பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிந்தால் மேலே நம் வீட்டுப் பாத்திரங்கள் உருளுமே, அன்று அலமாரியே சாய்ந்தது. நீங்கள் மேலே லாம்ப் ரூமில்தான் இருப்பீர்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். இருந்தாலும் கைக்குழந்தை எஸ்தரைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் ஓடிவந்தேன். நீங்கள் டோக்கன் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். கீழே போகிறவர் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு லாம்ப் வாங்கிப் போவார். டோக்கன் அவருடைய கொக்கியில் தொங்கும். திரும்பி வந்து லாம்ப்பைக் கொடுத்தால் டோக்கன் அவர் கைக்குப் போகும். கொக்கியில் டோக்கன் இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வர வரப் பலகை காலியானது. கடைசியில் ஒரே ஒரு டோக்கன் நின்றுவிட்டது.

உங்கள் ஷிஃப்ட் முடிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. எஸ்தர் பசியில் வீறிட்டாள். வீட்டுக்கு வாங்க என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லாம்பு வரல. நான் குடுத்த லாம்பு அது" என்றீர்கள். சாயங்காலம் அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒரு கால் நசுங்கி, உயிரோடு. கல்லுக்கு அந்தப் பக்கம் அவருடைய லாம்ப் வெளிச்சம் தெரிந்ததால்தான் அத்தனை ஆழத்து லெவலில் அவரைக் கண்டுபிடித்தார்களாம். வீட்டுக்கு நடந்து வரும்போது நீங்கள் ஷாஃப்ட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததைக் கண்டு, ஆம்பிள இப்படிப் பயப்படலாமா என்று கேலி பண்ணினேன். "பயப்படாதவன லாம்ப் ரூம்ல வெக்கக் கூடாது" என்றீர்கள். அப்போது எனக்கு அது வெறும் பேச்சாகத்தான் பட்டது.

ஏழு மணிக்குத் தக்காளி ஏற்றுகிற டெம்போ ஒன்று லைன் முனையில் வந்து நின்றது. கிரேட்டுகளுக்கு நடுவில் கயிறு போட்டுக் கட்டிய ஸ்கூட்டர். டிரைவர் பக்கத்தில் உங்கள் மகள், தலையிலிருந்து கால்வரை நனைந்து. தோப்புக்கு நடுவில் வண்டி நின்றுபோய், மழையில் அதைத் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறாள். டார்ச் அடித்தே போனும் தீர்ந்துவிட்டது. அந்த டிரைவர் தெலுங்கும் கன்னடமும் கலந்து, இந்தப் பெண்ணைத் தனியாக இந்த ரோட்டில் விடாதீர்கள் அம்மா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, நாளைக்கே இந்தப் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், பாழாய்ப்போன பேட்டரி என்றாள். பேட்டரிமேல் தப்பில்லை என்று அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அம்மா, அப்பா என்னிக்காவது பாதி சார்ஜ் லாம்ப ஒருத்தர் கையில குடுத்து கீழ அனுப்பினாராம்மா?"

உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். உங்கள் சட்டையைத் துவைத்த கை இது. உங்கள் வாழ்நாளில் நீங்கள் செய்யாத ஒன்றை, பெற்ற மகளுக்கு, ஒரு வாரமாகத் தினமும் செய்திருக்கிறேன். வீட்டுக்குள் தீப்பிடிக்குமே என்று பயந்தேன், வெளியே அவள் போகும் வழியைப் பற்றி நினைக்கவே இல்லை. வாய்விட்டு அழுதேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பயம் இருந்தால் என்னிடம் சொல், ஒயரிடம் காட்டாதே என்றாள். உங்கள் பேச்சு அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். என் பயத்தை அவள் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளவில்லை. ஒரே வாசலில் வண்டியை வைத்துச் சார்ஜ் போடுவது தப்புதான் என்று ஒத்துக்கொண்டாள். முற்றத்தில் தகர ஷெட் போட்டோம், பூட்டுகிற மாதிரி. கரண்ட் அடிக்கடி போகிறதே என்று இன்று அதன் கூரைமேல் இரண்டு சோலார் பலகை. நாலு மணிக்கு வந்ததும் வண்டியை அங்கே நிறுத்தி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏற்ற வேண்டும். நிறைந்துவிட்டது என்று வண்டி காட்டினால் இரண்டு பேரும் பார்த்துத்தான் பிளக்கை எடுக்க வேண்டும். இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

அந்த மழை நாளுக்கு மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பினதும் உங்கள் தகர டப்பாவைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடிக்கு அடியில், லாம்ப் ரூமிலிருந்து நீங்கள் கொண்டுவந்த அந்த டோக்கன் இருந்தது, நம்பர்கூடத் தேய்ந்துபோன பித்தளை டோக்கன். மைன்ஸ் மூடின பிறகு நான் பெங்களூர் கார்மென்ட்ஸ் வேலைக்கு ரயிலேறிப் போன வருஷமெல்லாம் காலையில் அது வாசல் பக்கத்து ஆணியில் தொங்கும். சாயங்காலம் உங்கள் சட்டைப் பையில் இருக்கும். நான் ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கும்போது நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பீர்கள். வேலை வெட்டி இல்லாத மனுஷனுக்குப் பொழுது போகவில்லை என்று ரயில் சிநேகிதிகளிடம் உங்களைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். எதற்கு அந்த டோக்கனை மாட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டதற்கு, சும்மாதான் என்றீர்கள்.

சும்மா இல்லை. உங்கள் கணக்கில், காலையில் நான் கீழே போகிற ஆள். நான் திரும்பி வரும்வரை உங்களுக்கு ஷிஃப்ட் முடியவில்லை. அத்தனை வருஷமும் தினமும் பயந்திருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது.

இப்போது எஸ்தர் போனதும் நான் அதை ஆணியில் மாட்டுகிறேன். வந்ததும் அவளே கழற்றி என் கையில் கொடுக்கிறாள். முதல் நாள் சிரித்தாள், இப்போது சிரிப்பதில்லை.

என் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இன்று சோலார்காரர் எல்லாம் மாட்டி முடித்ததும், பச்சை விளக்கு எரிந்த அந்தப் பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்.

மணி நாலேகால். ஷெட்டுக் கூரையில் வெயில் இன்னும் இருக்கிறது. பெட்ரோல் வண்டியென்றால் லைன் முனையிலேயே சத்தம் கேட்டுவிடும். இது வாசலுக்கு வந்து நிற்கிறவரை தெரியாது. பாதி அரிந்த பீன்ஸ் அப்படியே கிடக்கிறது, என் கண் ஆணியை விட்டு வர மாட்டேன் என்கிறது. நீங்கள் போன அன்று மத்தியானம் நான் வேலையில் இருந்தேன். வந்து பார்க்கும்போது என் டோக்கன் இதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கழற்ற நீங்கள் இல்லை, நானே எடுத்து உங்கள் டப்பாவில் போட்டேன். உங்கள் பலகையில் நான் இன்னும் மேலே வராத ஆள்தான். எங்கே இருந்தாலும் அதன் முன்னால் நின்றுகொண்டுதான் இருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? நானும் எஸ்தருக்காக இங்கே வாசலில் நிற்கிறேன். லாம்பு வரட்டும், உள்ளே போகிறேன்.