கிரேக்க வைத்தியருக்கு ஒரு வினாத்தாள்

1946 ஜூலை 8, திங்கள்

புழுக்கம். மாலையில் தூறல், பேருக்கு. ரேஷன் அரிசியில் பாதி கல்.

சனிக்கிழமை மயிலாப்பூர் ஆசிரியர் கூட்டத்தில் பேச வேண்டும். விஷயம் கிடைத்துவிட்டது. பழைய கிரேக்க வைத்தியர் ஒருவர் மனிதர்களை ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நாலாகப் பிரித்தார். அவரையே நம் புது மனோதத்துவ வினாத்தாளின் முன் உட்காரவைத்தால்? தன்னுள் ஒடுங்கும் அகமுகியா, ஊரோடு கலக்கும் புறமுகியா? ரெஜினாவிடம் பெருமையாகச் சொன்னேன். "செத்துப்போன மனுஷன் எப்படிங்க பதில் எழுதுவாரு?" என்றாள். மனைவியிடம் இதையெல்லாம் சொல்லவே கூடாது.

ஜூலை 10, புதன்

அவள் கேட்டது சரிதான். முதல் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது.

பிறகு ஒரு யோசனை. எந்த ஊரானாலும் வைத்தியர் வைத்தியர்தானே. கண்ணை மூடினேன், ராயப்பேட்டையில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் என் அண்ணன் வந்து நின்றார். அதன்பின் பேனா நிற்கவில்லை.

பேச்சு: கேட்டால் மட்டும்.
சிரிப்பு: பண்டிகைக்கு.
பிறர் அழுதால்: எழுந்து போய்க் கை கழுவுவேன்.

கடைசிப் பதில் எனக்கே பிடித்துப்போனது. அம்மா இறந்த அன்று அண்ணன் செய்தது அதைத்தான். முடிவு: அகமுகி. ஈரமில்லாதவர்.

ஜூலை 13, சனி

கூடம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் அண்ணன்! நான் கூப்பிடவில்லை. தம்பி பேசுகிறான் என்று டிஸ்பென்சரியை மூடிவிட்டு, இஸ்திரி போட்ட கோட்டோடு வந்திருக்கிறார். கை கழுவும் அந்த ஒரு வரியைத் தாண்டியிருக்கலாம். கைதட்டலுக்கு ஆசைப்பட்டுப் படித்தேன்.

அந்த வரிக்கு ஒரே சிரிப்பு. வாசலில் நின்ற பியூன் பக்கத்து ஆளிடம், "இன்னாப்பா, நம்ம ராயப்பேட்டை டாக்டரைத்தான் சொல்லிக்கினு கீறாரு!" எல்லார் காதிலும் விழுந்தது. மறுபடி சிரிப்பு. அண்ணனும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

வெளியே வந்ததும் தோளைத் தட்டினார். "நல்லாப் பேசினேடா. அந்தக் கிரேக்கருதான் பாவம்."

ஜூலை 14, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் மனம் நிற்கவில்லை. பங்குச் சாமியாரிடம் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்றால், அவரே நேற்றுக் கூட்டத்தில் விழுந்து விழுந்து சிரித்தவர்.

ஞாயிறு மதியம் அண்ணனுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. வரவில்லை. ரெஜினா மீன் எடுத்து வைத்துக் காத்திருந்தாள். "போய்ப் பேசிட்டு வாங்களேன்." போகவில்லை. நான் கோழை. அதைச் சொல்ல வினாத்தாள் வேண்டாம்.

ஜூலை 17, புதன்

மழை. மகள் பிலோவுக்குக் கடும் காய்ச்சல், பிதற்றல். அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். எந்த முகத்தோடு என்று தெரியவில்லை, அனுப்பினேன். நனைந்துகொண்டே வந்தார்.

மார்பில் குழலை வைத்துப் பார்த்தார். "நெஞ்சுல சளி. மருந்து தரேன்." ரெஜினா பொங்கி அழுதாள். அண்ணன் எழுந்தார். கை கழுவத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

எழுந்தவர் அப்படியே நின்றார். மறுபடி உட்கார்ந்தார். பிலோவின் தலையில் கையை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். "அழாதேம்மா. சரியாயிடும். அழாதேம்மா." பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

வாசல்வரை கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இன்னிக்கு எழுந்து போகலை, பாத்தியா?"

ரெஜினா அவருக்கென்று எடுத்து வைத்த சோப்பும் செம்புத் தண்ணீரும் அப்படியே இருக்கின்றன.