தேறி வருகிறார்

அப்பா, இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நேரில் சொல்ல வாய் வராதவள் நான். வீட்டில் 'நீ' என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' வருகிறது.

இன்று காலை, ஆட்களின் விடுப்புப் படிவம் பார்க்கும் என் மேசைக்கு இசக்கி வந்தார். தென்காசிப் பக்கத்து ஆள், எங்கள் கம்பெனியில் வெல்டர். குடிநோய்க்கு ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் நான்காக மடித்த டாக்டர் சீட்டு. நீங்களும் அப்படித்தான் சட்டைப்பையில் வைத்திருந்தீர்கள்.

பின்னாலேயே சூப்பர்வைசர் வந்தார். "இன்னாம்மா, ஆளு திருந்திட்டானா? திருந்திட்டேன்னு எழுதி வாங்கு. இன்னொருவாட்டி குடிச்சான்னா அத்த காட்டியே அனுப்பிச்சிரலாம்."

நான் பட்டம் வாங்கிய வாரம், படப்பை சர்ச்சில், கடவுள் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். கூச்சத்தில் ஒரே வரிதான் சொன்னேன்: "எங்கப்பா திருந்திட்டாரு, அதான் நான் படிச்சேன்." எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

வீடு திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கேட்டீர்கள். "நான் இன்னா ஜெயிலுக்கா போய்ட்டு வந்தேன், திருந்தறதுக்கு? மஞ்சக்காமால வந்தவன திருந்திட்டியான்னு கேப்பியா?"

"வேற இன்னான்னு சொல்றது?"

"தேறிக்கினு கீறாருன்னு சொல்லு. நீ பரீச்சைல ஒருவாட்டி தேறுன, முடிஞ்சிபோச்சி. எனக்கு டெய்லி பரீச்சை."

ஆட்டோக்காரர் திரும்பாமலே கேட்டார்: "இன்னிக்கி பாஸா தல?"

"இன்னிக்கி பாஸு."

சிரித்தோம். எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. அடுத்த மாதம் ஒருநாள் குடித்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கே வராமல் இருந்தீர்களே, அப்போதுதான் புரிந்தது. ஜுரம் திரும்பினால் டாக்டரிடம் போகலாம். திருந்தியவன் எங்கே போவான்? பென்னலூர் பஸ் நிறுத்தத்தில் உங்களைக் கண்டபோது, "டாக்டர்கிட்ட போலாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். எழுந்து வந்தீர்கள். அதன்பின் கடைசிவரை நீங்கள் தொடவில்லை.

இன்று படிவத்தில், 'சிகிச்சையில் தேறி வருகிறார். மாதம் ஒருநாள் மருத்துவரைப் பார்க்க விடுப்பு வேண்டும்' என்று எழுதினேன்.

"அப்ப இன்னும் தேறலியா?" என்றார் சூப்பர்வைசர்.

படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். "சார், போன வருஷம் கை ஒடிஞ்சு லீவுல போனீங்களே. திரும்பி வந்தப்ப, திருந்திட்டீங்களான்னு யாராச்சும் கேட்டாங்களா?"

 அவர் சிரித்துவிட்டார். "வாயே தொறக்காத பொண்ணு, இன்னா பேச்சு பேசுது பாரு!" கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை முதல் இசக்கிக்குப் பகல் ஷிப்ட். சூப்பர்வைசர் கதவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் அப்பா.

போகும்போது இசக்கி கேட்டார்: "ஒங்களுக்கு எப்பிடி மேடம் இம்புட்டு வெவரம் தெரியுது?"

"சும்மா, படிச்சதுதான்" என்றேன்.

அது பொய். நீங்கள் மாரடைப்பில் போனது மட்டும்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். மற்றதை மூன்று வருடமாக மறைத்து வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை. திங்கட்கிழமை இசக்கி வருவார். 'எங்கப்பாவுக்கும் இந்த நோவு இருந்துச்சு' என்று சொல்லட்டுமா?