பழுப்புத் துணித் தாயத்து இரண்டு

என் அன்பு அப்பா,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று வருடமாக நீங்கள் மாநகராட்சி இடுகாட்டில், பெயரில்லாமல், வெறும் எண்ணாகப் படுத்திருக்கிறீர்கள். அந்த எண் இப்போது எனக்கு மனப்பாடம்.

உங்களுக்கு மட்டும் சொல்வதாக இருந்தால் ஜெபத்தில் சொல்லியிருப்பேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். கோபாலபுரத்துப் பள்ளியில் பி.டி. மாஸ்டரான உங்கள் விசிலுக்குப் பயந்து ஓடியவர்கள் படிக்கட்டும். நம் மாதா கோயில்காரர்கள் படிக்கட்டும். முக்கியமாக, அடையாற்றில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஒருவன் படிக்கட்டும். கெட்ட செய்தி அவனைப் பற்றியது. அதற்கு மெதுவாகத்தான் வரவேண்டும்.

நீங்கள் போன நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. அதற்கு முன்பே எல்லாம் நழுவத் தொடங்கியிருந்தது. ரிடையர் ஆகிப் பல வருடம் கழித்தும் காலையில் எழுந்ததும் “அசெம்ப்ளிக்கு லேட்டாயிடுச்சு” என்று ஷூவைத் தேடுவீர்கள். ஆனால் ஆறு மணிப் பூசைக்குப் போகவும் திரும்பி வரவும் கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. அன்றைக்குப் போனவர் திரும்பவில்லை. நான் கல்யாணமாகி கே.கே. நகரில் இருந்தேன். சாந்தோம் வீட்டில் உங்களோடு இருந்த பிரிட்டோ அண்ணன்தான் போன் செய்தான்.

“ஸ்டெல்லா, நீ டென்ஷன் ஆகாத. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். ஏதாவது தகவல்னா எனக்குத்தான் சொல்லுவாங்க. நீ வீணா அலையாத.”

அக்கறையாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! ஆனாலும் அலைந்தேன். மயிலாப்பூர் டேங்க் பஸ் ஸ்டாப்பிலிருந்து தி. நகர் பஸ் நிலையம் வரை உங்கள் படத்தை ஒட்டினேன். ஒவ்வொரு சுவரிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுக்கு நடுவே இடம் தேடி ஒட்டும்போது, என் அப்பாவின் படம் இந்த அஞ்சலி வரிசைக்கு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

ஐந்து மாதம் கழித்து அண்ணன் வீட்டைக் காலி செய்தான். “இங்க இருந்தா அப்பா ஞாபகமாவே இருக்கு” என்றான். வீட்டை விற்றுவிட்டதாகவும் அப்போதுதான் சொன்னான். கரண்ட் ஆபீசுக்கும் வரி ஆபீசுக்கும் உங்களை அலைக்கழிக்க வேண்டாமென்று, புத்தி தெளிவாக இருந்த காலத்தில் அவன் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தீர்கள் இல்லையா? அதை வைத்துத்தான். அப்பாவே இல்லை, வீடு இருந்து என்ன என்று இருந்துவிட்டேன்.

பிறகுதான் இணையத்தில் அந்தக் குழுவில் சேர்ந்தேன். போலீஸ் அறிவிப்பில் வரும் அடையாளம் தெரியாத உடல்களின் விவரத்தை ஒரு பக்கம் போட்டு, காணாமல் போனவர்களின் விவரத்தை இன்னொரு பக்கம் போட்டு, பொருத்திப் பார்க்கிறவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ரிடையரான நர்ஸ் ஒருவர், டெய்லர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் மூர்த்தி, இப்படி ஒரு ஐம்பது பேர். முகத்தைப் போடக் கூடாது. உடுப்பு, செருப்பு, பச்சை குத்தியது, இவைதான். பொருந்துகிற மாதிரி இருந்தாலும் ‘இது உங்கள் ஆள்’ என்று யாரும் சொல்லக் கூடாது. ‘ஒரு தடவை பாருங்க’ என்று மட்டும் சொல்லலாம். இந்தச் சட்டம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறைக்காரர் ஒருவரை, கையில் குத்திய பச்சையை வைத்து, இறந்துவிட்டதாக முடிவு கட்டி வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். வீடே ஒப்பாரியில் இருந்தபோது அவரே போன் செய்தாராம், திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று. நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் புரூஃப் பார்ப்பது. ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிப்பேன் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவள் உங்களை மூன்று முறை படித்துவிட்டுக் கடந்து போனேன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அறிவிப்பில் இருந்தது இதுதான். ‘சுமார் எழுபது வயது மதிக்கத்தக்க ஆண். அடையாறு பாலத்தின் கீழ் ஆற்றோரம். வெள்ளை அரைக்கைச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட். கழுத்தில் வெள்ளை நாடாவில் பழுப்புத் துணித் தாயத்து இரண்டு.’ சட்டையும் பேண்ட்டும் ஊரில் பாதிப் பேர் போடுவது. தாயத்து என்றதும் நம்மவர் இல்லை என்று தள்ளிவிட்டேன். நான் தேடிக்கொண்டிருந்தது சிலுவையையும் ஜெபமாலையையும். கார்மேல் மாதா படம் தைத்த இரண்டு துணித் துண்டுகளைக் கோத்து நாம் கழுத்தில் போடும் உத்தரியத்தைத் தெரியாதவர்கள் பார்த்தால் தாயத்து என்று எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூர்த்திக்குத் தோன்றியது. ஸ்டேஷன் பலகையில் ஒட்டியிருந்த பொருட்களின் படத்தை போனில் எடுத்து அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, இது தாயத்து மாறி தெர்ல. தாயத்துன்னா தகடு, உருண்டை எதுனா இருக்கும்ல? இது வெறும் துணி. ஒண்ணு நெஞ்சாண்ட, ஒண்ணு முதுகாண்ட தொங்கற மாறி கீது. நம்ம வண்டில கோயிலுக்கு வர்ற டீச்சரம்மா இதே மாறி போட்டுக்கினு கீறாங்க. நீ கிறிஸ்டீன் தானே? ஒரு தபா பாருக்கா.”

பார்த்தேன். தண்ணீரில் ஊறி மாதா படம் அழிந்துபோய்த் துணி மட்டும் இருந்தது. ஆனால் நாடா! கம்பளிக் கயிறு வேர்வையில் அரிக்கிறது என்றீர்கள் என்று என் பாவாடை நாடாவை வெட்டி நான் கோத்துக் கொடுத்தது. “ஃபாதர் பாத்தா சிரிப்பாரும்மா” என்றீர்கள். வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்திருந்ததால் நீல நூலில் தைத்தேன். அந்த நீலம் கொஞ்சமும் போகவில்லை அப்பா.

கால் தவறி விழுந்தீர்களா? அந்தப் பாலத்துக்கு எதற்குப் போனீர்கள்? யாராவது ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தார்களா? இதற்கெல்லாம் பதில் சொல்ல எந்தக் குழுவும் இல்லை.

மறுநாள் மூர்த்தியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டம்மா ஒருவர் பழைய ஃபைல் கட்டைத் தேடி எடுத்தார். புரட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, இந்த பாடியப் பாக்க ஏற்கெனவே ஒருத்தர் வந்திருக்காரே. மிஸ்ஸிங் கம்ப்ளைண்ட் குடுத்தவர்தான். மகன்னு போட்டிருக்கு.”

“என்ன சொன்னாராம்?”

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். நீங்கள் காணாமல் போன ஒன்பதாம் நாள் எழுதியது. ‘எனக்குக் காட்டப்பட்ட பிரேதம் என் தந்தையுடையது அல்ல என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே பிரிட்டோவின் கையெழுத்து. நீங்கள் சிலேட்டில் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த அதே ‘பி’.

அங்கேயே கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மூர்த்திதான் வெளியே கூட்டி வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று மாலையே அடையாற்றில் அவன் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தாள். நான் காபியைத் தொடவில்லை. அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “ஆஸ்பத்திரி மார்ச்சுவரில அப்பா முகத்தைப் பாத்தியா?”

“பாத்தேன். ஊதிப்போய் அடையாளமே தெரியல ஸ்டெல்லா. அந்த நாடாவ மட்டும் வெச்சு நான் எப்படிச் சொல்றது?”

நாடா என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை அப்பா. அண்ணி திரும்பி அவனைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. அதற்கு மேல் அவனால் மறைக்க முடியவில்லை.

“வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன். அடுத்த வாரம் ரிஜிஸ்ட்ரேஷன். அப்பா இறந்துட்டார்னா பவர் செல்லாதுன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்? போன உயிர் போயிடுச்சு... உனக்கும் பங்கு தரேன், கேஸு கீஸுன்னு போகாத.”

“எனக்குப் பங்கு வேணாம். அப்பாவைக் குடு” என்றேன். என்ன அருமையான பிள்ளை பெற்றீர்கள் அப்பா! நான் சுவர் சுவராகப் பசை தடவிக்கொண்டிருந்த வாரத்தில், உங்களைப் பிணவறையில் அநாதையாக விட்டுவிட்டு, பதிவு ஆபீசில் நீங்கள் உயிரோடு இருப்பதாகக் காட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இன்னொன்றையும் கேளுங்கள். மூன்று வருடமாக மாதா மாதம் நம் கோயிலில் பூசைக்கு எழுதி வைப்பான். ‘காணாமற்போன தந்தை அமலதாஸ் நலமுடன் வீடு திரும்ப.’ மைக்கில் வாசிப்பார்கள். நானும் முழங்காலில் நின்று கண்ணை மூடி ஆமென் சொல்லியிருக்கிறேன். கல்லறைத் திருநாளில் அம்மாவுக்கு மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றுவான்.

ஃபாதரிடம் சொன்னேன். “மன்னிக்க முடியுமான்னு பாரும்மா” என்றார். “முதல்ல அவன் செஞ்சதை ஊருக்குச் சொல்லட்டும் ஃபாதர், அப்புறம் பாக்கலாம்” என்று எழுந்து வந்துவிட்டேன். மரியாதைக் குறைவுதான். உங்களிடம் திட்டு வாங்க நான் தயார்.

புதைப்பதற்கு முன் உங்கள் பல் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. சோதனைக்கு நான் ரத்தம் கொடுத்தேன். பொருந்துகிறது என்று போன மாதம் எழுத்தில் வந்துவிட்டது. அண்ணன் மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது. உங்கள் மூச்சு நின்ற நிமிடமே அந்தப் பவரும் செத்துப்போனது, பத்திரம் நிற்காது என்கிறார் வக்கீல். கோர்ட்டு அதன் வேகத்தில் நடக்கட்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

எங்கள் கம்பெனியிலேயே போஸ்டர் அடித்தேன். கண்ணீர் அஞ்சலி. தொப்பியும் வெள்ளைப் பேண்ட்டுமாக ஸ்போர்ட்ஸ் டேயில் நீங்கள் நிற்கும் படம். தோற்றம், மறைவு என்று எல்லோருக்கும் போடுவதுபோல உங்களுக்கும் போட்டேன். அதன் கீழே இரண்டு வரி சேர்த்தேன். ‘மகன் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதிக் கொடுத்த நாள்.’ ‘மகள் கண்டுபிடித்த நாள்.’ நாலுக்கும் தேதி உண்டு. ஒரு வசைச்சொல் கிடையாது. அடியில் வழக்கம்போல, துயரத்துடன் மகன் பிரிட்டோ என்று பெரிய எழுத்தில்.

முதலாளி ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தார். “இது தேவையாம்மா?” என்றார்.

“பிழை இருந்தா சொல்லுங்க சார்” என்றேன். இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

போன சனிக்கிழமை மாலை மூர்த்தியின் ஆட்டோவில் பசை வாளியோடு கிளம்பினோம். கோயில் தெருவில் தொடங்கி, சாந்தோம் நெடுஞ்சாலை, பட்டினப்பாக்கம் வழியாக அடையாறு வரை. கடைசிப் போஸ்டரை அவன் பால்கனிக்கு நேர் எதிர்ச்சுவரில் நானே ஒட்டினேன். “இன்னும் ரெண்டு போடுக்கா, ஒண்ணு கீஞ்சாலும் ஒண்ணு இருக்கும்” என்றார் மூர்த்தி. போட்டேன்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் போன் வந்தது.

“ஸ்டெல்லா, எல்லாரும் நின்னு படிக்கறாங்க. என் பேரை மட்டும் எடுத்துடு. பசங்க முகத்துல எப்படி முழிப்பேன்? ப்ளீஸ்.”

“யார் பேசறது?”

“நான்தான்... அண்ணன்.”

“அப்படியா? எனக்கு அடையாளம் தெரியலையே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பாவமோ என்னவோ, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்பா. மூன்று வருடத்தில் முதல்முறையாக அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு அழுதேன். அது உங்களுக்காக, அவனுக்காக அல்ல.

அடுத்த மாதம் தாசில்தார் முன்னிலையில் உங்களை எடுக்கிறார்கள். அம்மாவின் கல்லறையைத் திறந்து அவள் பக்கத்தில் வைக்க ஃபாதர் சம்மதித்துவிட்டார். புது உத்தரியம் வாங்கிவிட்டேன், நாடாவும் கோத்தாகிவிட்டது. அன்றைக்கு அண்ணனும் வருவான். தானாக வந்தாலும் சரி, போலீஸ் கூட்டி வந்தாலும் சரி. குழிக்கு முன்னால் நின்று, “இவர்தான் என் அப்பா” என்று எல்லார் காதிலும் விழும்படி அவன் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு பிடி மண்கூட அவனைப் போட விடமாட்டேன். இது என் சத்தியம்.

எனக்குக் காட்டியிருந்தால், பார்த்த மாத்திரத்தில் உங்களை அடையாளம் சொல்லியிருக்கக்கூடிய,
உங்கள் மகள்
ஸ்டெல்லா