பேஞ்சோவின் பின்பலகை

1961 மார்ச் 14, செவ்வாய்.

டிக்கோயாவில் ஒரு சின்னப் பட்டறையில் கையால் செய்த பழைய பேஞ்சோ. ஞாயிற்றுக்கிழமைதான் வாங்கி வந்தேன். தந்தி கரகரவென்று இரைகிறதென்று இன்று சாயங்காலம் பின்பலகையைக் கழற்றினேன். உள்பக்கம் எங்கள் தோட்டத்து முத்திரை! தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்திருக்கிறான் பாவி.

அந்நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் மாரிமுத்து எட்டிப் பார்த்தான். "என்னப்பா, நம்ம பேக்டரிப் பலகையா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் வாய் சும்மா இருக்காது. நானோ பேக்டரியில் பெட்டி அடிக்கிறவன். காசு கொடுத்து வாங்கினேன் என்றால் எவன் நம்புவான்?

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடித் துண்டால் முத்திரையைச் சுரண்டி எடுத்தேன். தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போயிருந்த என் மனைவி செல்லம்மா குடத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, அதுல அம்பத்திரெண்டுன்னு வருஷம் போட்டிருந்துச்சே. நாம இந்தத் தோட்டத்துக்கு வந்ததே அம்பத்தஞ்சுலதானே?"

கழற்றும்போது அவளும் பார்த்திருக்கிறாள். நான் தோட்டத்தின் பெயரை மட்டும்தான் பார்த்தேன்.

சுரண்டிய இடத்தில் தேயிலைச் சாயத்தண்ணி தொட்டுத் தேய்த்தேன். நிறம் பிடிக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் தோட்டத்துத் துரை கேட்டால், அந்த வருஷத்துக்குப் பதில் நான் காட்ட வேண்டியது இந்த வெள்ளையைத்தான்.